ஒருவர் போட்ட முதல், ஊருக்கே லாபம்

மாசி மகம் என்றால் நம் புதுச்சேரி மளிகை வியாபாரிகளுக்குத் தனிக் கணக்கு. மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் என்று சுற்றுவட்டாரத்துச் சுவாமிகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும் நாள் அது. பொரி, பொட்டுக்கடலை, கற்பூரம், தேங்காய், அன்னதானத்துக்கு அரிசி, துவரம் பருப்பு என்று ஒரு வாரம் முன்பே மொத்தக் கடைகளில் சரக்கு நகரத் தொடங்கிவிடும். திருவிழா முடிந்த மறுநாள் பாக்கி வசூலுக்கு நாமே நேரில் போவது வழக்கம். கடைப் பையன்களை அனுப்பினால் பணம் மட்டும்தான் வரும். ஊர்ச் சேதி வராது.

சென்ற மாசி மகத்துக்கு மறுநாளும் அப்படித்தான் வைத்திக்குப்பத்தில் ஒரு சில்லறைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். இருபத்தைந்து ஆண்டு வாடிக்கை. கடைக்காரர் சிட்டையைப் புரட்டிக்கொண்டிருக்க, நம் பார்வை மேல் தட்டுக்குப் போயிற்று. அங்கே பளபளப்பு மங்கிப்போன ஒரு கோப்பை. அதற்குள் ஊதுவத்திக் கட்டுகள் செருகியிருந்தன. அடியில் இருந்த தகட்டில் நம் கடைப் பெயர்.

“இது நாம குடுத்த கப்பாச்சே தம்பி?”

“ஆமாங்க முதலாளி. வாலிபால் மேட்சுக்கு நீங்க குடுத்ததுதான். ஜெயிச்ச பசங்களே கொண்டாந்து இங்க வெச்சாங்க. வீட்ல வெக்க எடமில்லேன்னாங்க.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கோப்பை வந்த கதை

அது 2007ஆம் ஆண்டு. சுனாமி அடித்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. வைத்திக்குப்பத்து இளைஞர் ஒருவர் நம் மண்டிக்கு வந்தார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். விடியுமுன் கடலுக்குப் போய் வந்து, மாலையில் குப்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வாலிபால் சொல்லிக் கொடுப்பவர். சம்பளம் கிடையாது, யாரும் நியமிக்கவும் இல்லை. கழித்துப் போட்ட மீன்வலையையே நடுவில் கட்டி ஆடினார்கள்.

ஆடிய இடம் கடற்கரைதான். அந்த மணலும் குறைந்துகொண்டே வந்தது. நம் கரையோரத்தில் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டியதும், அந்த மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. வடக்கே உள்ள நகரக் கடற்கரையும் குப்பங்களும் அரிப்புக்கு ஆளாயின. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். படகை ஏற்றி நிறுத்தவே இடம் தேடவேண்டிய கரையில், பிள்ளைகள் ஓடியாட எங்கே போவார்கள்? கிடைத்த துண்டு மணலில் அந்த இளைஞர் கோடு கிழித்து ஆடவைத்தார்.

அவர் கேட்டது மிகச் சிறிய உதவி. “மாசம் ரெண்டு பந்து, வருஷத்துக்கு ஒரு நெட்டு. அவ்ளோதாங்க. உப்புத்தண்ணியும் மணலும் பட்டு பந்து சீக்கிரம் போயிடுது.”

நாம் என்ன சொன்னோம்? “மாசாமாசம் எல்லாம் சரிப்படாதுப்பா. ஒரு டோர்னமென்ட் நடத்து. கப்பு நாங்க தர்றோம். நோட்டீஸ்ல பேர் போடு, மைக்ல கடைப் பேரைச் சொல்லு” என்றோம். பெரிய மனதோடு சொன்னதாகவே அன்று நினைப்பு.

அவரும் ஒருமுறை நடத்தினார். கோப்பை கைமாறியது, நம் கடைப் பெயர் மைக்கில் ஒலித்தது. அதன்பின் அவர் நம் மண்டிப்பக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் கோப்பைக்கும் நோட்டீசுக்கும் ஆன செலவில் அவர் கேட்ட பந்துகளைப் பல மாதங்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம். பணம் செலவழிக்கத் தயங்கவில்லை. தவறான சரக்கில் முடக்கினோம். அதுதான் உண்மை.

சேலத்துப் பக்கம் ஒரு கிராமம்

இந்தத் தவறு எத்தனை பெரியது என்பது நமக்கு உறைத்தது வேறு ஊரில். ஜவ்வரிசிக் கொள்முதலுக்காகச் சேலம் போவது நம் தொழிலில் வழக்கம். அப்படிப் போனபோது, அங்குள்ள மண்டிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சின்னப்பம்பட்டியைப் பற்றிச் சொன்னார். கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர். பத்திரிகையில் நாமும் படித்ததுதான். ஆனால் நாம் படித்தது நடராஜனைப் பற்றி. மண்டிக்காரர் பேசியது ஜெயப்பிரகாஷைப் பற்றி.

சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டத்தில், தறி ஓடும் பகுதியில் உள்ள கிராமம். நடராஜனின் தந்தை தறிக்கூடத் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். இருபது வயது வரை அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்து ஆட்டம். தோல் பந்து என்பது வசதியுள்ளவர்கள் ஆடும் சங்கதி என்று ஊரே நினைத்திருந்த காலம்.

அந்தப் பையனின் கையில் உள்ள சரக்கைக் கண்டுகொண்டவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். தெருப் பந்தயங்களில் ஆடியவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சென்னைக்குப் போய் லீக் ஆடச் சொல்லி ஊக்கியவர் அவர். 2010-11இல் சென்னையின் நான்காம் டிவிஷன் ஆட்டத்தில் நடராஜன் கால் வைத்தார். படிப்படியாக ஏறி, 2015 ஜனவரியில் தமிழ்நாடு அணிக்காக வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார்.

நஷ்டம் வந்தபோது மூடாத கணக்கு

இங்கேதான் நம் போன்ற வியாபாரிகள் நிறுத்தி யோசிக்கவேண்டும். முதல் ரஞ்சி ஆட்டம் முடிந்த கையோடு, நடராஜன் பந்து வீசும் முறையில் குறை என்று புகார் எழுந்தது. கை அசைவையே மாற்றி, எழுத்துக் கற்கும் பிள்ளைபோல் முதலிலிருந்து பழகவேண்டியதாயிற்று. அந்த வேலையில் சென்னையின் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் கைகொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற நிலையில் இருப்பவனுக்கு, ‘உன்னை நம்பித்தான் இருக்கிறோம்’ என்று நிற்கும் ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் நின்றவர் ஜெயப்பிரகாஷ்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஐந்து ஆண்டு சரக்குக் கொடுத்து வந்த கடை ஒரு பருவத்தில் தடுமாறினால், உடனே வராக்கடன் என்று எழுதிவிட்டு வேறு கடை பார்ப்போம். தொழிலில் அது தவறும் அல்ல. ஆனால் பிள்ளைகளின் கணக்கு அப்படிப்பட்டதன்று. அது தென்னங்கன்று வைப்பது போல. முதல் ஐந்து ஆண்டு தண்ணீர்ச் செலவு மட்டுமே தெரியும்.

பிறகு நடந்ததை நாடறியும். 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர் பந்துகளால் பெயர் வாங்கினார். 2017இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. 2018இல் ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. நடுவில் காயம், அறுவைச் சிகிச்சை, காத்திருப்பு. 2020 ஐ.பி.எல். தொடரில் 16 விக்கெட் எடுத்தபின், வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். போன இடத்தில் 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாளில் 20 ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடிய முதல் இந்தியர் ஆனார். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் ஏற்றி அழைத்துப் போனார்கள்.

தாம் அணியும் ஆட்டச் சட்டையில் நடராஜன் ‘ஜே.பி. நட்டு’ என்று பெயர் போட்டுக்கொண்டவர். ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ். பிரிஸ்பேன் வெற்றிக்காக மகிந்திரா நிறுவனத்தின் தலைவர் ஆனந்த் மகிந்திரா இளம் வீரர்கள் ஆறு பேருக்குத் தார் ஜீப் பரிசளித்தார். தமக்கு வந்த வண்டியை நடராஜன் ஜெயப்பிரகாஷுக்கே கொடுத்துவிட்டார். கொடுத்தவர் கேட்டு வாங்கியதல்ல அது. கணக்குப் பார்க்காமல் கொடுத்த இடத்தில்தான் அப்படித் திரும்பி வரும்.

லாபம் எது?

இத்தோடு கதை முடிந்திருந்தால், ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வந்தான் என்று மகிழ்ந்துவிட்டுப் போகலாம். உண்மையான லாபம் இதற்குப் பிறகுதான் வந்தது. ஐ.பி.எல். பணம் கைக்கு வந்ததும் நடராஜன் தம் ஊரிலேயே பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்சி நடத்த ஏற்பாடு செய்தார். அதிலும் ஜெயப்பிரகாஷின் கை உண்டு. அந்த ஊரிலிருந்து அடுத்து வந்தவர் பெரியசாமி. ஒரு கண்ணில் பார்வைக் குறை உள்ளவர். 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் சேப்பாக் அணிக்காக 15 ரன் மட்டும் கொடுத்து 5 விக்கெட் எடுத்து, கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2023 ஜூன் 23 அன்று, ஆடுகளமும் பயிற்சித் தளங்களும் கொண்ட நடராஜன் கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் சின்னப்பம்பட்டியில் திறந்துவைத்தார்.

கவனியுங்கள். முதல் பையனைத் தோல் பந்து ஆட அனுப்ப ஒருவர் பாடுபடவேண்டியிருந்தது. இரண்டாவது பையனுக்கு ஊரிலேயே முன்னுதாரணம் இருந்தது. மூன்றாவது, நான்காவது பையனுக்கு மைதானமே காத்திருக்கிறது. சம்பளம் வாங்காத ஒரு பயிற்சியாளர் போட்ட முதல் இப்படித்தான் குட்டி போடுகிறது. 2025 ஐ.பி.எல். தொடருக்கான ஏலத்தில் டில்லி அணி நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்தது செய்தியாயிற்று. அதைவிடப் பெரிய வரவு, அந்தக் கிராமத்துத் தாய்மார்கள் மாலையில் ‘பையன் எங்கே?’ என்றால் ‘கிரவுண்டில்’ என்று சொல்ல முடிவதுதான்.

ஆட்டோ ஓட்டிய நேரம் போக

‘கிரிக்கெட்டுக்குப் பணம் கொட்டுகிறது, மற்ற ஆட்டத்துக்கு யார் இருக்கிறார்கள்?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு வடசென்னையைக் காட்டுவோம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் மெகபூப் பாஷா என்பவர் ஆட்டோ ஓட்டுநர். ஆட்டோ ஓட்டிய நேரம் போக, சுற்றுப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுக் கொடுத்தார். காசிமேட்டை ஒட்டிய பகுதி அது. மீன்பிடித் தொழிலாளர், சுமை தூக்குவோர், கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம். மரியா இருதயம் 1991லும் 1995லும் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்தே சென்னைக்குக் கேரமில் பெயர் உண்டு என்றாலும், தெருமுனையில் ஆடும் ஆட்டம் என்ற இளக்காரம் போகவில்லை.

அந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர்தான் அவருடைய மகள் காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த 6ஆவது கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசளித்தது.

நம் தொழில் கண்ணால் இதைப் பாருங்கள். கேரம் பலகை, காய்கள், ஸ்ட்ரைக்கர், மேலே ஒரு விளக்கு, பலகைக்குத் தூவப் போரிக் பவுடர். அந்தப் பவுடர் நம் கடைகளில் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கிற சரக்கு! முதலீடு இவ்வளவுதான். விலைக்கு வாங்க முடியாத சரக்கு ஒன்றே ஒன்று: தினமும் மாலையில் வந்து நிற்கும் ஒரு மனிதர். அவர் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறைக் கணக்கு. 2007இல் அப்படி ஒருவர் நம் மண்டி வாசலுக்கே வந்தார். சில்லறையை நாம் கணக்குப் பார்த்தோம்.

நம் பங்கு

நம் சங்க உறுப்பினர்களில் நன்கொடை கொடுக்காதவர் யாரும் இல்லை. கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு என்று நோட்டுப் புத்தகத்தோடு வருபவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆனால் ஒருநாள் கோப்பைக்குக் கொடுப்பது வேறு, ஓராண்டு பயிற்சிக்குக் கொடுப்பது வேறு. கோப்பை ஜெயித்தவனுக்குப் போகும். பந்து எல்லாப் பிள்ளைக்கும் போகும்.

கொடுக்கும்போது கையில் ரொக்கமாக இல்லாமல் சரக்காகக் கொடுப்பது நமக்கும் எளிது, பயிற்சி தருபவருக்கும் பேச்சு வராது. மாதம் இரண்டு பந்து. பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு பிடி வேர்க்கடலை, ஒரு துண்டு வெல்லம். ஒரு டப்பாவில் பஞ்சு, டிஞ்சர், கட்டுத்துணி. பெண் பிள்ளைகள் வருவதானால் பெண் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு. பெற்றோருக்குச் சொல்லி, அவர்கள் பார்வையில் படும் இடத்தில் பயிற்சி. இதில் கட்சிக்கொடிக்கும் சாதிப் பேச்சுக்கும் இடம் தரக்கூடாது. கடைப் பெயர்ப் பலகை வைத்தே தீரவேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடலாம். நம் பெயர் மைக்கில் ஒலித்தது ஒரு மாலை. அந்த இளைஞரின் பெயரைக் குப்பத்துப் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிலருக்குக் கசக்கலாம். மாலை ஐந்து மணிக்கு வேலையில்லாமல் நிற்கிற பதினான்கு வயதுப் பையன் எங்கே போவான்? நம் கடை வாசலில் ரகசியமாகச் சிலர் விற்கும் புகையிலைப் பொட்டலத்துக்கு அவனும் வாடிக்கையாவான். நான்கு ஆண்டு போனால் அடுத்த தெரு மதுக்கடைக்குப் போவான். அவன் வீட்டில் அரிசி, பருப்பு வாங்கும் பணம் அங்கே போகும். நம் கடன் நோட்டில் அவன் தாயின் பெயருக்கு நேரே பாக்கி ஏறும். பிள்ளைகள் மைதானத்தில் நிற்பது தர்மம் மட்டுமல்ல, தெருக்கடைக்காரருக்குப் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

எல்லாப் பிள்ளையும் நடராஜன் ஆகமாட்டான், காசிமா ஆகமாட்டாள். ஆகவேண்டிய அவசியமும் இல்லை. நேரத்துக்கு வருவது, தோற்றாலும் மறுநாள் வருவது, தன்னைவிடச் சிறியவனுக்கு விட்டுக்கொடுப்பது. இவற்றைக் கற்றுக்கொண்டு வருகிற பையனை நம்மில் யார் கடையில் வேலைக்கு வேண்டாம் என்போம்?

பேரேட்டில் ஒரு புதுப் பக்கம்

மீண்டும் வைத்திக்குப்பத்துக்கு வருவோம். கோப்பையைப் பார்த்த அன்று கடைக்காரரிடம் கேட்டோம்: “அந்தத் தம்பி போனதோட எல்லாம் முடிஞ்சு போச்சா?”

“யாருங்க சொன்னது? சாயங்காலம் வரைக்கும் இருங்க, காட்டறேன்” என்றார்.

இருந்தோம். கருங்கல்லுக்கும் படகுகளுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் பதினைந்து இருபது பிள்ளைகள். அவர்களில் நான்கைந்து பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நடுவில் அதே மாதிரி ஒரு பழைய மீன்வலை. கையைச் சேர்த்துப் பந்தை எப்படி வாங்கவேண்டும் என்று ஒருவர் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் திகைத்தோம். நம் மண்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்! ஆறு ஆண்டுகளாக நம் சரக்கை ஏற்றி இறக்குகிறார்; தினமும் நான்கரை மணிக்குமேல் லோடு வேண்டாம் என்பார். சோம்பல் என்று நாம் இரண்டொரு முறை கடிந்தும் இருக்கிறோம்.

நம்மைக் கண்டதும் அவர் கூச்சத்தோடு வந்தார். 2007இல் அவருக்குப் பதினோரு வயதாம். “அண்ணன் ஊருக்குப் போறப்ப பந்தை என் கையில குடுத்துட்டு, இதை வீட்ல வெச்சிக்காதடா, வெளிய எடுத்து ஆடுன்னு சொன்னாருங்க. அதான்” என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் சொல்லிக் கொடுத்தது மூன்றே ஆண்டு. நாம் கைவிட்டும் அது கைமாறி நிற்கிறது. நாமும் துணை நின்றிருந்தால் இடையில் எத்தனை பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்ற கணக்கு மட்டும் நமக்கு வேண்டாத கணக்காக மனதில் நிற்கிறது.

மறுநாள் கடை திறந்ததும் பேரேட்டில் ‘வைத்திக்குப்பம் பிள்ளைகள்’ என்று ஒரு பக்கம் போட்டோம். மாதம் இரண்டு பந்து, ஆண்டுக்கு ஒரு வலை, வாரம் ஐந்து கிலோ வேர்க்கடலை. லோடு ஆட்டோவுக்கு நான்கரை மணிக்குமேல் வேலை இல்லை என்பதும் எழுத்தில் ஏறியது. கோப்பை அங்கேயே இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டோம். ஊதுவத்தி வைக்கவாவது பயன்படுகிறதே!

வணிகப் பெருமக்களே! உங்கள் தெருவிலும் மாலை வேளையில் இப்படி ஒருவர் சம்பளமில்லாமல் நின்றுகொண்டிருப்பார். ஒருவேளை உங்கள் கடையிலேயே மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார். இன்று கடை சாத்துமுன் ஒரு நடை போய்ப் பாருங்கள். ‘என்னப்பா வேணும்?’ என்று நீங்களே கேளுங்கள். அவர் கேட்பது பெரும்பாலும் நம் கல்லாவின் சில்லறைப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.